பல்லு இத்தினியூண்டு, பேச்சு கடலளவு

வா கண்ணு, இப்டி ஒக்காரு. உங்க அபார்ட்மென்ட் வாசல்ல கட்டியிருக்கிற பேனரப் பாத்துட்டுத்தான் கூப்ட்டேன். புள்ளைக்கு அஞ்சு வயசு முடியுதாம், நல்லது, நூறு வயசு இருக்கட்டும். ஆனா அதுல இன்னாடா போட்டு வெச்சிருக்க? ஒரு பக்கம் டைனோசர் வாயப் பொளந்துகினு நிக்குது. இன்னொரு பக்கம் சுறா வாயப் பொளந்துகினு நிக்குது. நடுவுல உன் புள்ள முழிச்சிகினு நிக்கிறான். மேல கொட்ட எழுத்துல 'ஜுராசிக் பர்த்டே'. அது இன்னா சுறாம்மான்னு உன் பொண்டாட்டியக் கேட்டேன். "மெகலோடன் தாத்தா"ன்னு சொல்லிச்சு. தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு சிரிப்பு வேற.

சிரிக்கட்டும். நான் சொல்றதக் கேளு. மெகலோடன் கடல்ல சுத்தினது 2.3 கோடி வருஷத்துக்கு முன்னால தொடங்கி, சுமார் 36 லட்சம் வருஷத்துக்கு முன்னால வரைக்கும். பெரிய டைனோசருங்க செத்து அடங்கினது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால. நடுவுல நாலு கோடி வருஷம் காலி மனை. ரெண்டும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்ததே இல்ல. ஜுராசிக்னு போட்டிருக்கியே, அந்தக் காலம் டைனோசர் சாவறதுக்கும் எட்டு கோடி வருஷம் முந்தியே முடிஞ்சுபோச்சு. மூணையும் ஒரே துணியில சேத்து வெச்ச புண்ணியம் ஜி.எஸ்.டி. ரோட்டு ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் சேரும்.

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்டித் தெரியும்னு பாக்குறியா? எம் பொண்ண அரியலூர் பக்கம் குடுத்திருக்கேன். சம்பந்தி வூட்டுக்குப் போனா அங்க வெத்தலப் பாக்குக்கு அடுத்த பேச்சு கல்லுதான். ஏர் ஓட்டினா கிளிஞ்சல் வரும். கெணறு வெட்டினா சங்கு வரும். கடல் எங்க இருக்குன்னு கேட்டா நூறு கிலோமீட்டர் தள்ளிக் கைய நீட்டுவாங்க. அப்போ அந்தக் கிளிஞ்சல் நடந்தா வந்துச்சு?

அத்த அப்புறம் பேசுவோம். மொதல்ல இந்தப் பொட்டிய எடு. பொறந்தநாளைக்கு வர்ற புள்ளைங்களுக்கெல்லாம் குடுக்கப்போறியாமே, ஆன்லைன்ல வாங்கினியாமே, 'ஃபாசில் தோண்டும் கிட்'டு. உள்ள ஒரு சுண்ணாம்புக் கட்டி. ஒரு குட்டிச் சுத்தி. ஒரு பிரஷ்ஷு. கட்டிக்குள்ள சுறாப்பல்லு இருக்குன்னு அட்டையிலேயே படம் போட்டிருக்கான். இருக்குன்னு தெரிஞ்சப்புறம் இன்னாத்துக்குடா தோண்டுறது? தோண்டுறதுன்னா நூறு தடவ மண்ண அள்ளி, நூறு தடவையும் ஒண்ணும் இல்லாம எழுந்து முதுகத் தடவிக்கிறது. அதுக்கு எவன் கிட்டு விப்பான்?

சரி, சுறாவுல ஏன் பல்லு மட்டும் விக்கிறான், எலும்பு ஏன் விக்கல? யோசிச்சியா? சுறாப்புட்டு துண்ணிருக்க இல்ல, பச்ச ஒடம்புக்காரிக்குப் பால்சுறா வாங்கிக் குடுத்திருக்க இல்ல. எப்பவாவது எலும்பு பல்லுல பட்டுச்சா? படாது. சுறாவுக்கு எலும்பே கெடையாது, எல்லாம் குருத்தெலும்பு. செத்தா மக்கிப்போயிடும். பல்லு மட்டும் அசையாது. மேல கண்ணாடி கணக்கா ஒரு கெட்டிப் பூச்சு, அதுக்குள்ள ஃப்ளோரின் கலந்த கனிமம். கோடி வருஷம் மண்ணுல கெடந்தாலும் முனை மழுங்காது.

அதுவும் ஒரு வாய்ப் பல்லு இல்ல. கல்யாணப் பந்தியில ஒரு வரிச எழுந்திருக்கச்சொல்லவே பின்னால அடுத்த வரிச நாற்காலியப் புடிச்சிகினு நிக்குமே, அப்டித்தான் சுறாவோட தாடை. முன் வரிசப் பல்லு விழுந்தா பின் வரிச நவுந்து முன்னால வந்துடும். ஆயுசு பூரா விழுந்துகினே இருக்கும், மொளைச்சிகினே இருக்கும். ஒரு சுறாவே ஆயிரக்கணக்கில பல்லு கொட்டிட்டுப் போவும். இந்த வம்சம் ஒலகத்துல 40 கோடி வருஷத்துக்கு மேல இருக்கு. பூமியில மொத மரம் நிக்கறதுக்கு முந்தியே தண்ணியில சுறா நீந்திச்சு. அப்போ மொத்தம் எவ்ளோ பல்லு கொட்டியிருக்கும், கணக்குப் போடு. நீதான் ஐ.டி. ஆளாச்சே.

அவ்ளோ பல்லு கெடைச்சும், அது பல்லுன்னு ஒத்துக்க மனுசனுக்கு எத்தினி நாளாச்சு தெரியுமா? ஐரோப்பாவுல அத்தக் கல்லான நாக்குன்னு சொல்லிகினு இருந்தாங்க. வானத்துலேருந்து கிரகண ராத்திரியில விழுந்துச்சுன்னு ஒருத்தன். பாம்போட நாக்குன்னு இன்னொருத்தன். வெஷத்த முறிக்கும்னு ராசாமாருங்க கழுத்துல கட்டிகினாங்க, சாராயத்துல முக்கிக் குடிச்சாங்க. 1666-ல இத்தாலிக் கடலோரத்துல மீன்காரங்க ஒரு பெரிய சுறாவப் புடிச்சாங்க. தலைய ஃபிளாரன்ஸுக்கு அனுப்பினாங்க. ஸ்டெனோன்னு ஒரு வைத்தியர் அத்த அறுத்து வாய்க்குள்ள பாத்தாரு. பாத்துட்டு இன்னா சொன்னாரு? நாக்குமில்ல, வானத்துக் கல்லுமில்ல, பல்லுய்யான்னாரு. அடுத்த வருஷம் எழுதியும் வெச்சாரு. எந்த மீன்காரனக் கேட்டிருந்தாலும் அன்னிக்குக் காலையிலேயே சொல்லியிருப்பான். நம்ம பரதவங்க சுறாக்கொம்ப நட்டுக் கும்பிட்டதா பட்டினப்பாலையிலயே சேதி இருக்கு. ஆனா அது கொம்புன்னு தெரிஞ்சு கும்பிட்டாங்க. நாக்குன்னு நெனச்சுக் கழுத்துல கட்டிக்கல.

இப்ப நம்ம பக்கம் வருவோம். வெள்ளக்காரன் காலத்துல கே, கன்லிஃப்னு ரெண்டு பேரு பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கமெல்லாம் கல்லுப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினாங்க. அதுல பாண்டிச்சேரி பக்கத்து மீன்பல்லப் பத்தி எகர்ட்டன்னு ஒருத்தர் 1845-லயே எழுதிட்டாரு. அப்புறம் பிளான்ஃபோர்டுன்னு ஒரு ஆளு வந்து ஊர் ஊரா அளந்தாரு. பாறை அடுக்குக்கு அவுரு வெச்ச பேரப் பாரு. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர். ஒலகத்துல எங்க நெலவியல் படிச்சாலும் அந்தப் பேருங்க இருக்கு. கல்லங்குறிச்சின்னு சொன்னா உங்க ஆபீஸ்ல அது எந்த ஜில்லான்னு கேப்பான். லண்டன்ல கல்லுப் படிச்சவன் பாறையோட வயசச் சொல்லுவான்.

காரைன்னு ஒரு ஊரு, பெரம்பலூர் பக்கம். வெறும் களிமண்ணு மேடு, மழ அரிச்ச ஓட. ஆடு மேய்க்கிறவனுக்கே அலுத்துப்போற எடம். 10 கோடி வருஷத்துக்கு முன்னால அது கடல் தரை. அப்போ நம்ம இந்தியா இங்கயே இல்ல. மடகாஸ்கரோட ஒட்டிகினு தெக்கே ரொம்பத் தூரத்துல கெடந்துச்சு. ஆஸ்திரேலியா, அண்டார்டிகா பக்கம் புட்டுகினு வந்த எடத்துல பள்ளம் விழுந்து, அதுல கடல் பூந்துச்சு. அந்தப் பள்ளத்தோட ஓரம்தான் இன்னிக்கு நீ பெரம்பலூர்ல பஸ் நிறுத்தி டீ குடிக்கிற எடம்.

அந்தக் காரை மண்ண டெல்லி, லண்டன், நியூயார்க் ஆளுங்க சேந்து மூட்டையா அள்ளினாங்க. அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஃபிளின்னு அஞ்சு பேரு. அள்ளின மண்ண இன்னா பண்ணாங்கன்னு நெனக்கிற? கழுவினாங்க, சலிச்சாங்க. சல்லடையில நின்ன தூளப் பெரிசாக்கிப் பாத்தாங்க. நம்மூட்டுப் பொம்பளைங்க கேவுருல கல்லு பொறுக்குனதுக்கு எவனாவது பட்டம் குடுத்தானா? 2011-ல எழுதினாங்க. அதுக்கு முந்தி யாரும் அறியாத ரெண்டு சுறா அதுல கெடைச்சுது. ஒண்ணுக்குப் பேரு கிளாடியோசெரட்டஸ் மேக்னஸ். இன்னொண்ணு ட்வார்டியஸ் சுடிண்டிகஸ். சொல்லிப் பாரு, நாக்கு சுளுக்கும். ரெண்டும் பெரம்பலூர்க்காரனுங்க. உன் பேனர்ல ரெண்டுக்கும் எடமில்ல.

அடுத்த வருஷம் வர்மாவும் கூட்டாளிங்களும் அதே காரைலேருந்து இன்னொரு சுறாப்பல்லப் பத்தி எழுதினாங்க. டைக்கோடஸ்னு பேரு. இந்தப் பல்லுல முனையே கெடையாது. தட்டை, மேல வரி வரியா மேடு. கடிக்கிற பல்லு இல்ல, அரைக்கிற பல்லு. இப்ப உன் மூளைய வெச்சுச் சொல்லு, அரைக்கிற பல்லு வெச்சிருக்கிறவன் இன்னா துண்ணுவான்? ஓடு இருக்கிறத துண்ணுவான். அத்தச் சொல்ல பட்டம் வேணுமா? வாணாம். ஆனா பல்லப் பாத்துட்டு ஒடம்பையும் சொல்லிடலாம்னு கெளம்பினாங்க பாரு, அங்கதான் சறுக்கல். நூத்தம்பது வருஷத்துக்கு மேல பெரும்பாலும் இந்தப் பல்லுதான் கையில. சிப்பி துண்றவன், அதனால கடல் தரையில மெதுவா ஊர்றவனா இருப்பான்னு நெறையப் பேரு எழுதினாங்க. 2024-ல மெக்சிகோவுல வயெசியோங்கிற எடத்துல முழு ஒடம்போட கல்லுல பதிஞ்ச டைக்கோடஸ்ஸப் பத்தி சேதி வந்துச்சு. பாத்தா ஊர்ற ஜாதியே இல்ல. வேகமா நீந்துற ஒடம்பு. வெள்ளச் சுறாவோட வம்சம். ஆமையையும், சுருள் ஓட்டுக்குள்ள இருந்த அம்மோனைட்டையும் துரத்திப் புடிச்சு நொறுக்கித் துண்ணிருக்கணும்னு இப்பச் சொல்றாங்க. பல்லு பொய் சொல்லல கண்ணு. ஓட்டத் துண்றவன்னு மட்டும்தான் அது சொல்லிச்சு. மீதிய இவங்க சேத்துகினாங்க.

அம்மோனைட்டுன்னு சொன்னேன் இல்ல, அத்த உனக்கு நல்லாத் தெரியும். உங்க மாமனார் வூட்டுப் பெருமாள் பொட்டியில இருக்கிற சாளக்கிராமம், கண்டகி ஆத்துலேருந்து வந்தது, அதுதான். குன்னத்து 'டைனோசர் முட்டை'யும் அதோட சேந்த சமாச்சாரம்தான். நெனவிருக்கா? 2020, கொரோனா வருஷம். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துல குளத்த தூர் வார்றச்சொல்ல உருண்ட உருண்டையா பெரிய கல்லு வந்துச்சு. டைனோசர் முட்டைன்னு எவனோ கெளப்பிவுட்டான். உன் போனுக்கு வந்துச்சு, நீ எனக்குக் காட்டின, 'தாத்தா நம்ம தமிழ்நாட்ல டைனோசர் முட்டை'ன்னு. நெலவியல் தெரிஞ்சவங்க போய்ப் பாத்துட்டு, முட்டையும் இல்ல கிட்டையும் இல்ல, அம்மோனைட்ட சுத்தி மண்ணு எறுகிக் கல்லான உருண்டைன்னாங்க. அந்தச் சேதி உன் போனுக்கு வந்துச்சா? வராது. இல்லங்கிற சேதிக்கு எவன் லைக்கு போடுவான்? டைனோசர் முட்டைன்னு நீ வாயப் பொளந்து பாத்த ஜந்துவ, டைக்கோடஸ் நொறுக்கித் துண்ட்டு ஏப்பம் வுட்டுட்டுப் போயிருக்கு.

டைனோசரே அங்க இல்லன்னு சொல்லல. அரியலூர் பக்கம் கல்லமேட்டுல எலும்பு கெடைச்சுது. யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு பேரு 1980-கள்ல எழுதினாங்க. புருஹத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க. தரையில நடந்ததுலயே மகா பெரிசுங்கள்ல ஒண்ணா இருக்கும்னு இன்னிக்கும் பேசறாங்க. அந்த எலும்பக் காட்டுங்கய்யான்னு கேட்டா காட்ட முடியாது. மழையிலயும் ஈரத்துலயும் உதுந்து தூளாப்போச்சு. படமும் அளவும்தான் மிச்சம். எலும்பு போனப்புறம் எடை ஏறிகினே போவுது பாத்தியா? போன மனுசனப் பத்தி துக்க வூட்ல பேசறதக் கேட்டிருக்க இல்ல, அவ்ளோதான் நான் சொல்லுவேன்.

உன் மெகலோடனும் அதே பொழப்புதான். 1909-ல நியூயார்க் மியூசியத்துல அதோட தாடைய செஞ்சு வெச்சாங்க. ஆளுங்க உள்ள நின்னு போட்டோ புடிச்சிகினாங்க. அத்த வெச்சு 30 மீட்டர் இருக்கும்னு பேச்சு. அப்புறம்தான் ஒருத்தன் உத்துப் பாத்தான். வாய்ல எல்லா பல்லும் ஒரே அளவு பெரிசா பதிச்சிருக்காங்க. எந்தச் சுறாவுக்குடா கடவாய்ப் பல்லும் முன்பல்லும் ஒரே அளவு? நம்ம மீன் மார்க்கெட்ல ஒரு சுறா வாயத் தொறந்து பாத்திருந்தா போதாதா? அப்புறம் நீளத்தக் கொறச்சாங்க. 2020-ல 15, 16 மீட்டர்னு ஒரு கணக்கு. 2025-ல ஷிமாடாவும் கூட்டாளிங்களும் மறுபடி 24 மீட்டருக்கு ஏத்திட்டாங்க. நம்ம நந்திவரம் மனை வெலையாவது ஒரே பக்கமாத்தான் போவுது.

ஆனா இந்தத் தடவ வெறும் பல்ல வெச்சுச் சொல்லல, அத்த ஒத்துக்கணும். பெல்ஜியத்துல கெடைச்ச முதுகெலும்புத் தொடர், முழுசும் இல்ல, இருக்கிறதே 11 மீட்டர். டென்மார்க்ல கெடைச்ச கண்ணி அதவிட அகலம், 23 சென்டிமீட்டர். ரெண்டையும் விகிதம் போட்டுப் பாத்திருக்காங்க. அதோட இன்னொரு கணக்கும் இருக்கு. பல்லுல இருக்கிற கார்பன், ஆக்சிஜன் வகைய அளந்து, சுத்தி இருந்த தண்ணியவிட அது ஒடம்பு சுமார் 7 டிகிரி சூடா இருந்துச்சுன்னு 2023-ல சொன்னாங்க. சூடான ஒடம்புக்கு தீனி ஜாஸ்தி வேணும். கடல் குளுந்து, எரை கொறைஞ்சதும் இத்தாம் பெரிய வாய் இன்னாத்தத் துண்ணும்? அதுவும் ஒரு காரணமா அழிஞ்சிருக்கலாம்னு பேசிக்கிறாங்க. இந்தப் பேச்சு எனக்குப் புடிக்குது. சோத்துக் கணக்கு எந்தக் காலத்துலயும் பொய்யாவாது. அத்த வுட்டுட்டு, நடுக்கடல்ல இன்னும் ஒண்ணு ஒளிஞ்சிகினு இருக்குன்னு யூடியூப்ல ஒருத்தன் கத்துறான், நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாக்குற. ஒளிஞ்சிருந்தா பல்லு கொட்டாதா? ஆயிரக்கணக்குல கொட்டுமே! புதுப் பல்லு ஒண்ணக் கொண்டாந்து காட்டச் சொல்லேன்.

இப்ப இன்னா கேக்கப் போற? அரியலூர்ல மெகலோடன் பல்லு கெடைக்குமான்னு. கெடைக்காது. அந்தப் பாறை மூத்தது, மெகலோடன் எளையது. தாத்தனோட பொட்டியில பேரன் கல்யாணப் பத்திரிகையத் தேடாத. அப்டி ஒண்ண எவனாவது வித்தான்னா, காசக் குடுக்காம பஸ்ஸ ஏறு. இங்கயே வண்டலூர் மலையில, பல்லாவரம் மலையில தோண்டினா? அது அதைவிட மோசம். அந்தக் கல்லு சுமார் 250 கோடி வருஷம், பூமிக்கு அடியில வெந்த கல்லு. அப்ப மீனும் இல்ல, மீனுக்கு முள்ளும் இல்ல. பல்லாவரத்துல 1863-ல புரூஸ் ஃபூட்டு எடுத்தது ஆதி மனுசன் செதுக்கின கல்லாயுதம். அதுக்குப் பெருமப்பட்டுக்கோ, சுறாவத் தேடாத. பக்கத்துலன்னா ஸ்ரீபெரும்புதூர் அடுக்குல இலை பதிஞ்ச கல்லு கெடைச்சிருக்கு, டைனோசர் காலத்துதான். இன்னிக்கு அது மேல காரு கம்பெனி.

இவ்ளோ சொல்றேனே, உங்க அபார்ட்மென்டுக்கும் இதுக்கும் சொந்தம் இருக்குன்னு தெரியுமா? அரியலூரச் சுத்தி எத்தினி சிமென்ட் ஆலை! கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லு இன்னான்னு நெனக்கிற? சுமார் ஏழு கோடி வருஷத்து சிப்பி, கிளிஞ்சல், அப்டியே படுக்கையா கெடக்கு. அத்த வெட்டி, அரைச்சு, களிமண்ணு சேத்து, 1450 டிகிரியில சுட்டா சிமென்ட்டு. கல்லக்குடி கல்லு அதுக்கும் மூத்தது, அதுல பவளத்திட்டே இருக்கு. 1953-ல அந்த ஸ்டேஷன் பேர மாத்தச் சொல்லி தண்டவாளத்துல தல வெச்சுப் படுத்தாங்க, நாடே பேசிச்சு. ஸ்டேஷனுக்குக் கீழ கடல் இருந்தத எவன் பேசினான்? உன் செவுத்துல பூசினது அந்தப் பக்கத்து சிமென்ட்டா இருந்தா, சுறா மேய்ஞ்ச கடல் தரையில நீ ஆணி அடிச்சு காலண்டர் மாட்டியிருக்க. கடல் பாத்த வூடு வேணும்னு ஈ.சி.ஆர்.ல கோடி குடுக்கிறானே உன் சிநேகிதன், அவன்கிட்டச் சொல்லு, நீ கடலுக்குள்ளயே குடியிருக்கன்னு. மெயின்டெனன்ஸ் ஏத்தாம பாத்துக்க.

ஆசையா இருந்தா கிட்டத் தூக்கிப் போட்டுட்டு புள்ளையக் கூட்டிகினு கெளம்பு. கிளாம்பாக்கத்துல விடியல்ல பஸ் ஏறினா வெயில் ஏறுமுந்தி பெரம்பலூர். சாத்தனூர்ல கல்லாப்போன மரம் ஒண்ணு படுத்திருக்கு, 18 மீட்டர், அத்தக் காட்டு. அரியலூர் பக்கம் வாரணவாசியில மியூசியம் இருக்கு, அத்தயும் பாத்துடு. காரை ஓடையில எதாவது பல்லு கண்ணுல பட்டா டவுசர் பையில போட்டுக்காத. எந்த அடுக்குல கெடந்துச்சோ அதுதான் அதோட ஜாதகம், எடுத்து வூட்டு ஷோகேஸ்ல வெச்சா வயசும் போச்சு, ஊரும் போச்சு. போட்டோ எடு, எடத்தக் குறிச்சுக்க, மியூசியத்துல சொல்லு. அப்புறம் ஒண்ணு, காரைல ஒதுங்கறதுக்கு ஒரு மரம் கெடையாது, கடையும் கெடையாது. தண்ணி ரெண்டு பாட்டில் எடுத்துக்க. அந்தப் புள்ளைக்குத் தொப்பி போடு. எம் பொண்ணு வூட்ல சாப்பாட்டுக்குச் சொல்லிடவா?